நூல் பிடித்துச் சொல்கிறேன்

நாற்பது வருஷம் சென்ட்ரிங் தச்சனாக இருந்துவிட்டு இப்போது கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு, கட்டில் செய்கிற தச்சரைத்தான் எல்லாருக்கும் தெரியும். மண்ணுக்குள் பலகை அடித்து, கான்கிரீட் இறுகியதும் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அஸ்திவார வேலையில் புழங்கும் வார்த்தைகளைப் பற்றித்தான். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு வேலை ஆரம்பித்திருக்கிறோம். இடத்துக்குப் போனால் மட்டம், தூக்கு, மூலை, வாட்டம் என்று ஆளாளுக்குச் சத்தம் போடுகிறார்கள். நானும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருகிறேன். எது எதற்கு என்று சொல்லுங்களேன்.

இனிமேல் தலையாட்டாதீர்கள் அம்மா. நீங்கள் தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

மட்டம் என்றால் படுக்கைவாட்டில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. தூக்கு என்றால் நட்டுக்குத்தலாக, சாயாமல் நிற்பது. நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டை வைத்துப் பார்ப்பதால் அந்தப் பெயர். மூலை என்றால் இரண்டு சுவர்கள் சேரும் இடம் சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்பது. வாட்டம் மட்டும் இவற்றுக்கு நேர் எதிர். தண்ணீர் ஓட வேண்டும் என்று தெரிந்தே கொடுக்கும் சரிவு அது. வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளியே போகப் போக முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது இறங்கினால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தைத் தேடி வராது.

இதில் மட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. “மட்டம் எங்கேருந்து எடுத்தே?” என்று மேஸ்திரி கேட்டால், உயரத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாய் என்று அர்த்தம். வேலை தொடங்கும் முன்பே, அசையாத ஒரு இடத்தில் ஒரு குறி போட்டுவிட வேண்டும். பக்கத்துச் சுவரில் கோடு, இல்லையென்றால் கான்கிரீட் போட்டு ஊன்றிய கம்பி, எதுவானாலும் சரி. குழியின் ஆழம், பலகையின் உயரம், தரைமட்டம் எல்லாவற்றையும் அந்த ஒரே குறியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேற்று வைத்த பலகையிலிருந்து இன்றைக்கு, இன்றைக்கு வைத்ததிலிருந்து நாளைக்கு என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் பிசகி, கடைசி மூலையில் ஒரு அங்குலமாக வந்து நிற்கும். அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள். கேட்டவுடன் கை நீட்டிக் காட்டினால் நல்ல ஆள்.

கேள்வி: மேலே ‘ஒரு நூல்’ என்கிறீர்களே, நூல் என்றால் கட்டுகிற கயிறுதானே? அளவு எப்படி ஆகும்?

நான் எழுதி முடிப்பதற்குள் என் பேரன் கேட்ட கேள்வி இது, சேர்த்துவிட்டேன். எங்கள் தொழிலில் நூல் இரண்டு. மூலைக்கு மூலை இழுத்துக் கட்டுவது ஒன்று. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருவதும் ஒரு நூல்தான். நான்கு நூல் அரை அங்குலம். “நூலை ரெண்டு நூல் தள்ளு” என்று கத்துவோம். யாரும் குழம்பியதில்லை.

கேள்வி: கட்டுமானப் படிப்பு படிக்கிறேன் ஐயா. 3-4-5 கணக்கு போட்டு மூலை பிடித்தோம். ஆனாலும் கடைசியில் மனை கோணலாக வந்தது. எங்கே தப்பு?

தம்பி, கணக்கில் தப்பில்லை, அளவு சின்னதாகப் போனதுதான் தப்பு. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் சரியான மூலை. ஆனால் 40 அடி நீளச் சுவருக்கு 4 அடியில் மூலை பிடித்தால், அங்கே விழுந்த ஒரு நூல் பிசகு கோடியில் பத்து நூலாகிவிடும், அதாவது ஒன்றே கால் அங்குலம். இடம் விடுகிற வரைக்கும் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 6-8-10, 9-12-15, முடிந்தால் 12-16-20.

அதோடு விட்டுவிடக் கூடாது. நான்கு மூலையும் குறித்த பிறகு, எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டத்தையும் பார். 30-க்கு 40 என்றால் இரண்டும் 50 அடி. 20-க்கு 30 என்றால் 36 அடி 5 நூல் சொச்சம். இரண்டும் ஒன்றாக வந்தால் சரி என்று எல்லாரும் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். முன்பக்கம் 30 அடியும் பின்பக்கம் 29 அடியுமாக இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி ஒடுங்கியிருந்தால், மூலைவிட்டம் இரண்டும் அழகாகச் சமமாக வந்து உன்னை ஏமாற்றும். முதலில் நான்கு பக்கம், அப்புறம் குறுக்கு.

பக்கங்கள் சரியாக இருந்து குறுக்கு மட்டும் வித்தியாசம் வந்தால்? 30-க்கு 40 மனையில் ஒரு குறுக்கு இன்னொன்றைவிட ஒரு அங்குலம் கூடுதல் என்று வை. ஒரு 40 அடிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிரே இருக்கும் 40 அடிப் பக்கத்தின் இரண்டு மூலையிலும் மண்ணில் அடித்த குச்சிகளை, அதாவது முளைகளை, அந்தக் கோட்டின் மேலேயே 5 நூல் நகர்த்து. நீளமான குறுக்கு குறைகிற திசையில் நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் பக்க அளவு கெட்டுவிடும். பலபேர் ஒரு முழு அங்குலத்தைத் தள்ளிவிட்டு, மறுபடி அளந்து, இந்தப் பக்கம் கூடிப்போச்சே என்று தலையைச் சொறிவார்கள். ஒரு குறுக்கு குறையும்போதே மற்றது கூடுகிறது, அதனால் கொஞ்சம் நகர்த்தினாலே போதும்.

கேள்வி: மூலையில் முளை அடித்து நூல் கட்டிவிட்டோம். பொக்லைன் வந்து வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டியதும் முளை, நூல் எல்லாம் மண்ணோடு போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டுமா?

அளக்கத்தான் வேண்டும். இனி ஒரு தடவை இப்படி நடக்காமல் இருக்க வழி சொல்கிறேன்.

மூலையில் அடிக்கிற முளை தோண்டும்போது போய்விடும். அதற்குத்தான் குழிக்கு வெளியே குறைந்தது நான்கு அடி தள்ளி, ஒவ்வொரு மூலைக்கும் பலகை அடிப்பது. இரண்டு உறுதியான முளை, அதன் குறுக்கே படுக்கைவாட்டில் ஒரு பலகை. மூலைக்கு இப்படி இரண்டு பலகை வரும், ஒன்றுக்கொன்று எல் வடிவத்தில். இதற்கு இடத்துக்கு இடம் ஒரு பெயர். நான் நூல்பலகை என்பேன். குழி ஆழமாகப் போகும் என்றால் இன்னும் தள்ளி அடியுங்கள். பொக்லைன் ஓட்டுகிறவருக்குப் பின்னால் கண் கிடையாது.

நூல், எதிரெதிர்ப் பலகைகளுக்கு இடையில் போகும். இரண்டு நூல் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடம்தான் மூலை. அங்கே தூக்குக்குண்டை விட்டால் மண்ணில் புள்ளி கிடைக்கும். தோண்டும்போது நூலை அவிழ்த்துவிடலாம், பலகை நிற்கும். தோண்டி முடித்ததும் திரும்பக் கட்டினால் அதே மூலை வந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். பலகையில் ஆணி அடித்து நூல் கட்டுகிறார்கள். ஆணியின் இடப்பக்கம் கட்டினோமா வலப்பக்கம் கட்டினோமா என்பது மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் ரம்பத்தால் பலகையின் மேல்விளிம்பில் கால் அங்குலம் ஒரு வெட்டு போடுவேன். நூல் அந்த வெட்டுக்குள் விழுந்தால் விழுந்ததுதான், பத்துத் தடவை கழற்றிக் கட்டினாலும் அதே இடம். பின்பக்கம் ஒரு ஆணியில் சுற்றி இறுக்கிக்கொள்ளலாம்.

எல்லாப் பலகையின் தலையையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டால் இன்னொரு லாபம். நூலிலிருந்து குழியின் அடி வரைக்கும் எவ்வளவு என்று ஒரு கட்டையில் குறித்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். கட்டையின் குறி நூலைத் தொட்டால் ஆழம் சரி. படிக்கத் தெரியாத ஆளும் அளந்துவிடுவார்.

கேள்வி: மார்க்கிங் செய்யும்போது சுண்ணாம்புப் பொடியில் மூன்று நான்கு கோடு போட்டார்கள். எது எந்தக் கோடு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் என் முதல் வேலையில் மானம் போயிற்று. அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

எனக்குப் பதினெட்டு வயசு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஃபுட்டிங் பலகை, அதாவது சுவருக்கு அடியில் வரும் அகலமான கான்கிரீட்டுக்கான பலகை, அடிக்கச் சொல்லிவிட்டு ஆசான் வேறு வேலைக்குப் போய்விட்டார். நூல் கட்டியிருந்தது. நான் அதைச் சுவரின் வெளிமுகம் என்று நினைத்துக்கொண்டேன். அது மையக்கோடு. நாள் முழுக்க அடித்த பலகை மொத்தமும் நாலரை அங்குலம் உள்ளே போய்விட்டது. கம்பியும் கட்டியாகிவிட்டது. மறுநாள் விடிகாலையில் ஆசான் வந்து, தூக்குக்குண்டை நூலில் பிடித்து, குண்டு நிற்கும் இடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. சுத்தியலை எடுத்து, ஆணி பிடுங்குகிற பக்கத்தை என் பக்கம் திருப்பி நீட்டினார். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பார்த்தாரே, அது என் அதிர்ஷ்டம். அப்படியே போட்டிருந்தால் சுவர் ஃபுட்டிங்கின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பாரமெல்லாம் ஒரு ஓரத்தில் விழுந்திருக்கும்.

சரி, கோடுகள். நடுவில் போவது மையக்கோடு, வரைபடத்தில் எல்லா அளவும் பெரும்பாலும் இதிலிருந்துதான். அதன் இரண்டு பக்கமும் சுவரின் முகக்கோடு. அதற்கும் வெளியே ஃபுட்டிங்கின் விளிம்பு. எல்லாவற்றுக்கும் வெளியே தோண்டுகோடு. தோண்டுகோடு ஃபுட்டிங்கைவிட அகலமாக இருக்கும், ஏனென்றால் பலகைக்கும் முட்டுக்கும் பலகை அடிக்கிற ஆளின் முழங்கைக்கும் இடம் வேண்டும். நூல்பலகையில் நான்குக்கும் தனித்தனி வெட்டு போட்டு, பக்கத்தில் பென்சிலால் பெயரும் எழுதிவிடுங்கள். நான் அன்றிலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி: ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பலகை மேல் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் தலைகால் மாற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு தடவையும் குமிழ் பலகையின் ஒரே பக்கம் ஒரே அளவு ஒதுங்கினால் கோளாறு பலகையில். குமிழ் பக்கம் மாறினால் கோளாறு ரசமட்டத்தில்.

கேள்வி: எங்கள் மேஸ்திரி தண்ணீர் ட்யூப் வைத்துத்தான் மட்டம் பார்க்கிறார். இந்தக் காலத்தில் லேசர் கேட்க வேண்டாமா?

லேசர் நல்ல சாமான், வேகம். ஆனால் ட்யூப்பைக் குறைத்து நினைக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம், மூலை திரும்பி, கண்ணுக்கே தெரியாத இடத்துக்கும் அது மட்டம் கொண்டுபோகும். லேசர் வளையாது.

ட்யூப் பொய் சொல்வது மூன்று இடத்தில். உள்ளே காற்றுக்குமிழ் நின்றுவிட்டால், ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே பார்த்தால், நடுவில் எங்காவது மடங்கினாலோ யாராவது மிதித்துக்கொண்டு நின்றாலோ. அதனால் வேலை தொடங்கும் முன் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் ட்யூப் சரி. இதைச் செய்யாமல் நேராக மூலைக்கு ஓடுகிற ஆள் கையில் லேசரைக் கொடுத்தாலும் அப்படித்தான் ஓடுவார்.

கேள்வி: புல்லும் செடியுமாக இருக்கிற மனை. மேலே மண் அடித்து மூடிவிட்டு வேலை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம். மேல்மண்ணில் வேரும் மக்கும் கலந்திருக்கும். மக்க மக்க அமுங்கும், மேலே போட்ட தரையும் கூடவே இறங்கும். கட்டடம் வரும் இடத்தில் 6 அங்குலமாவது மேல்மண்ணைச் சீவி எடுத்து ஓரமாகக் குவித்து வையுங்கள், பின்னால் தோட்டத்துக்கு ஆகும். மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அது உளுத்து உள்ளே பொந்து விழும், கறையானுக்கு விருந்தும் ஆகும். எங்கள் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிற முளை, பலகைத் துண்டு எல்லாவற்றையும் மண் நிரப்பும் முன் பொறுக்கச் சொல்லுங்கள்.

நிரப்பும்போது ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி அப்புறம் அடுத்த அடுக்கு. தோண்டிய மண் அளவில் கூடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 100 கன அடி தோண்டினால் வெளியே கிடப்பது 120, 125 போலத் தெரியும். குழி சின்னது, குவியல் பெரிசாக இருக்கிறதே என்று ஆட்களைச் சந்தேகப்படாதீர்கள்.

கேள்வி: இரண்டடி உயரம்தான் கான்கிரீட். அதற்குள் பலகை அடியில் பிதுங்கி, கலவை வெளியே வந்துவிட்டது. முட்டு கொடுக்கத்தான் செய்தோம்.

மேலே கொடுத்திருப்பீர்கள். ஈரக் கான்கிரீட் கிட்டத்தட்ட திரவம். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. இரண்டடி ஆழத்தில் அது பக்கவாட்டில் ஒரு சதுர அடிக்கு 130 கிலோவுக்கு மேல் தள்ளும், ஓரடி ஆழத்தில் அதில் பாதிதான். அப்படியென்றால் பலகை திறக்கப்போவது எப்போதும் அடியில்தான். கலவையை அதிரவைக்கிற வைப்ரேட்டர் விட்டால் இன்னும் இளகித் தள்ளும்.

எது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். கான்கிரீட்டைத் தொட்டு நிற்பது பலகை. அதன் முதுகில் நிற்கிற சட்டம் பலகை வளையாமல் பார்த்துக்கொள்ளும். குறுக்குச்சட்டம் அந்தச் சட்டங்களை ஒரே நேரில் பிடிக்கும். முட்டு சாய்வாக வந்து இதையெல்லாம் தாங்கி, பாரத்தை மண்ணில் அடித்த முளைக்குக் கொண்டுபோகும். முளை பொலபொலவென்ற மண்ணில் நின்றால் மேலே இருக்கிற எதற்கும் அர்த்தமில்லை. பலகையின் அடியோரத்தில் நெருக்கமாக முளை அடித்து, அதில் பலகையை ஆணியால் பிடித்திருந்தால் உங்களுக்குப் பிதுங்கியிருக்காது.

உள்ளே, இரண்டு பலகைக்கும் நடுவில், அகலம் குறையாமல் இருக்க ஒரு இடைக்கட்டை வைப்போம். கலவை அந்த உயரத்துக்கு வந்ததும் அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் கட்டை கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, பின்னால் உளுத்து, தண்ணீர் போக வழியாகிவிடும். நான் ஒவ்வொரு இடைக்கட்டையிலும் ஒரு கம்பியைக் கட்டிப் பலகைக்கு வெளியே தொங்கவிடுவேன். வெளியே எத்தனை கம்பி தொங்குகிறதோ, உள்ளே அத்தனை கட்டை பாக்கி.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகையில் எண்ணெய் எப்போது பூசுவது என்று. கான்கிரீட்டுக்குள் போகிற இரும்புக் கம்பியை இறக்குவதற்கு முன். கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது.

கேள்வி: பக்கப் பலகையை எப்போது பிரிக்கலாம்?

பாரம் தாங்காத பக்கப் பலகை என்றால் மறுநாள். வெயில் இல்லாமல் குளிராக இருந்தால் இன்னொரு நாள் விடுங்கள். தலை இரண்டு உள்ள ஆணி அடித்திருந்தால் பிடுங்குவது சுலபம், பலகையும் பிழைக்கும். பிரித்ததும் ஈரம் காக்க மறக்காதீர்கள்.

கேள்வி: மரச்சட்ட வீடு பற்றிய ஒரு அமெரிக்கப் புத்தகத்தில் சில் பிளேட், ஆங்கர் போல்ட் என்று வருகிறது. பேஸ்மென்ட் என்று வேறு போட்டிருக்கிறார்கள். நம்ம பேஸ்மட்டம்தானே அது?

இல்லவே இல்லை! அவர்கள் பேஸ்மென்ட் என்பது தரைக்குக் கீழே இருக்கிற அறை. நாம் பேஸ்மட்டம் என்பது தரைக்கு மேலே எழுப்புகிற அடிமேடை. வெள்ளைக்காரன் வார்த்தையை வாங்கி, கடைசியில் மட்டத்தைச் சொருகி, மண்ணுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

சில் பிளேட் என்பது அஸ்திவாரத்தின் தலையில் படுக்கவைக்கிற முதல் மரச்சட்டம். அடிச்சட்டம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டின் மரம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கான்கிரீட்டின் ஈரம் ஏறும் என்பதால் அதற்கு மருந்து ஏற்றிய மரமே வேண்டும். அந்தச் சட்டத்தைக் கான்கிரீட்டோடு பிடித்துவைப்பது ஆங்கர் போல்ட். அந்த ஊர் வீட்டு விதிப்படி சாதாரணமாக அரை அங்குல போல்ட், கான்கிரீட்டுக்குள் 7 அங்குலம், 6 அடிக்கு மிகாமல் ஒன்று, ஒவ்வொரு சட்டத்தின் முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று. நிலநடுக்கமும் புயலும் வருகிற இடங்களில் இன்னும் கடுமை. போல்டைக் கலவை ஈரமாக இருக்கும்போது கண்மதிப்பில் குத்துகிறவர்கள் உண்டு. பலகைக்குக் குறுக்கே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அதில் துளையிட்டு, போல்டை முன்னாலேயே தொங்கவிட்டுக் கான்கிரீட் போடுவதுதான் முறை. இல்லாவிட்டால் போல்ட் ஒரு இடத்தில் இருக்கும், சட்டத்தின் துளை ஒரு இடத்தில் இருக்கும், நடுவில் தச்சன் அழுதுகொண்டிருப்பான்.

கேள்வி: ஆறடிக் குழி. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

உடனே தள்ளச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து இரண்டடியாவது விலகியிருக்க வேண்டும். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும், அல்லது பலகையும் குறுக்கு முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். சரியும்போது கூப்பிடக்கூட நேரம் கொடுக்காது. இதில் மேஸ்திரி என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், அதுவரை யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த வாரம் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறேன். பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும் ஐயா?

ஆணி பிடுங்குகிற சுத்தியல், கைரம்பம், டேப், மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு. நூல் ஒரு உருண்டை, நைலானாக இருந்தால் நனைந்தாலும் நைந்து போகாது. முளை சீவ ஒரு கைக்கோடாலி. பென்சில் இரண்டு எடுத்துக்கொள் தம்பி. ஒன்றை மேஸ்திரி காதில் சொருகிக்கொண்டு போய்விடுவார்.